டிரான்சிஸ்டருக்குள் ஒரு டயோடும் நூற்றுப்பத்து முட்டைகளும்

சுப்புத்தாய் என் கடைக்கு முதன்முதலாக வந்தபோது கொண்டுவந்தது ரேடியோ இல்லை, டேப்ரெக்கார்டர் இல்லை, ஒரு கோழிமுட்டை. பசுவந்தனை பஸ்ஸில் கூட்டத்தில் நின்றுகொண்டே, முந்தானையில் முடிந்து பத்திரமாகக் கொண்டுவந்திருந்தாள். சால்டரிங் அயர்னைத் தள்ளிவிட்டு என் மேஜைமேல் அதை வைத்தாள். உருண்டு போகாமலிருக்க நான் ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தை முட்டுக்கொடுத்தேன்.

“கோழி இல்லாம இதப் பொரிக்க வைக்கணும் அண்ணாச்சி. கரண்டு போனாலும் சூடு போகக்கூடாது. முடியுமா?”

மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி தன் எமர்ஜென்சி லைட்டுக்காகக் காத்திருந்தார். அவர் முன்னால் “யோசிச்சுச் சொல்லுதேன்” என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

“இதென்ன பெரிய விஷயம்? பதினஞ்சு நாள் கழிச்சு வா தங்கச்சி” என்றேன்.

போன வாரம் டி.வி. பூஸ்டர் கதையைப் படித்த நண்பர் ஒருவர், “உமக்கு வெட்கமே கிடையாதா, எல்லாத்தையும் எழுதுகிறீரே” என்று கேட்டார். அவருக்காகவே இதை எழுதுகிறேன். பூஸ்டர் விஷயத்தில் போனது ஒரு வீட்டின் ஞாயிற்றுக்கிழமைப் படம். இதில் போனது நூற்றுப்பத்து உயிர்.

என் கீர்த்தி

தொண்ணூறுகளின் கடைசியாக இருக்கும். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் என் கடை. டிப்ளமோ படிப்பை மூன்றாவது வருஷத்தில் நான் விட்டுவிட்டேனா, அது என்னை விட்டுவிட்டதா என்பது இன்றுவரை தீராத விவகாரம். ஆனால் ஊருக்குள் என் பெயர் ‘எலெக்ட்ரானிக்ஸ் அண்ணாச்சி’. அந்தப் பெயரை நான் திருத்தவில்லை.

அந்தப் பெயரைக் காப்பாற்றுவதற்கு எனக்கு ஒரு வழி இருந்தது. தப்பு எப்போதும் வெளியே இருக்கும். மேலே சொன்ன அதே முதலாளியின் வீட்டு வாசலுக்கு, பொழுது சாய்ந்தால் தானாக எரியும் விளக்கு ஒன்று செய்து கொடுத்தேன். வெளிச்சத்தை உணரும் கண்ணை அந்த விளக்குக்கு நேர் கீழேயே வைத்துவிட்டேன். இருட்டியதும் விளக்கு எரியும். தன் வெளிச்சத்தையே பார்த்து விடிந்துவிட்டது என்று அணையும். அணைந்ததும் இருட்டு, மறுபடி எரியும். அந்த வீட்டில் என்ன விசேஷம் என்று தெருவே கேட்டது. நான் போய்ப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, “லைன்ல வோல்டேஜ் சரியில்ல மொதலாளி” என்றேன். அவரும் நம்பி, மறுமாசம் ஒரு ஸ்டெபிலைசர் வாங்கினார்.

வாய் இருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். நான் கோவில்பட்டியை விட்டு நகராமலே பிழைத்தேன்.

பெட்டி

சுப்புத்தாய் வீட்டிலிருந்தபடி தீப்பெட்டி ஒட்டுகிறவள். பசை தின்று விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். “இதுலருந்து கைய எடுக்கணும் அண்ணாச்சி, அதுக்குத்தான் இந்தக் கோழி” என்று சொன்னாள். அவள் புருஷன் மாடசாமிக்குக் கொஞ்சம் கரிசல் காடு; மழை பெய்தால் உளுந்தும் மிளகாயும், பெய்யாவிட்டால் வானத்தைப் பார்ப்பதும் அவருக்கு வேலை.

நான் செய்து கொடுத்தது ஒரு மரப்பெட்டி. உள்ளே நாலு பக்கமும் தெர்மோகோல், முட்டை அடுக்கக் கம்பித் தட்டு, ஒரு தெர்மாமீட்டர். கரண்ட் இருக்கும்போது சாதாரணக் குண்டு பல்பு சூடு கொடுக்கும். அதற்குத் தனியாக ஒரு தெர்மோஸ்டாட். கரண்ட் போனால் பாட்டரியிலிருந்து ஒரு லாரி ஹெட்லைட் பல்பு எரியும். சூடு நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அந்தப் பல்பை அணைப்பதற்கு நானே ஒரு சர்க்யூட் போட்டிருந்தேன். அதில் பல்பை அணைத்து ஏற்றும் வேலை மாஸ்ஃபெட் என்கிற ஒரு பவர் டிரான்சிஸ்டருக்கு. அப்போது எங்கள் பக்கம் அது புதுசு. மதுரையிலிருந்து பன்னிரண்டு வாங்கிவந்து, கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, கடைக்கு வருகிறவர்கள் கண்ணில் படும்படி வைத்திருந்தேன்.

பாட்டரி ஒயரைப் பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்துவிட்டால் சர்க்யூட் எரிந்துவிடுமே என்று அதற்கும் ஒரு காவல் வைத்தேன். டயோடு என்று ஒரு சாமான் உண்டு. கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும், மறு திசையில் மறிக்கும். தியேட்டரில் படம் முடிந்ததும் திறக்கிற கதவைப் போல, வெளியே போகலாம், அந்த வழியாக உள்ளே வர முடியாது. அதில் ஒன்றைச் சர்க்யூட்டின் வாசலில் வைத்து, பாட்டரியைச் சரியாக மாட்டினால் எரிகிற மாதிரி பெட்டிக்கு வெளியே ஒரு சின்னச் சிவப்பு லைட்டும் வைத்துவிட்டு, சுப்புத்தாய் வீட்டில் தெருப் பெண்கள் சூழ நிற்க, பாட்டரி கிளிப்புகளை வேண்டுமென்றே மாற்றி மாட்டிக் காட்டினேன்.

“பாத்தியா? சிவப்பு லைட்டு எரியல. மாத்திக் குடுத்தா மிஷின் சும்மா கெடக்கும், ஒண்ணும் ஆகாது. அவசரமே இல்ல, மெதுவா வந்து திருப்பி மாட்டிக்கிடலாம்.”

அன்றைக்குப் பெட்டிக்குள் ஹெட்லைட் பல்பை இன்னும் மாட்டவில்லை. அது என் பைக்குள் இருந்தது. இந்த ஒரு விஷயத்தை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

பதினெட்டாம் நாள்

எங்கள் பக்கம் ஆடு, கோழியை வாரத்துக்கு விடுவார்கள். உடையவர் ஒருவர், வளர்ப்பவர் ஒருவர். குட்டியோ குஞ்சோ பாதிக்குப் பாதி. சுப்புத்தாய் அந்த வழக்கத்தை முட்டைக்குக் கொண்டுவந்தாள். பதினோரு வீட்டுக்காரர்கள் முட்டை கொடுத்தார்கள். பொரிக்கிற குஞ்சில் பாதி அவளுக்கு. எந்த முட்டை எந்த வீட்டுடையது என்று கரியால் குறி போட்டு, ஒரு நாளைக்கு மூன்று தடவை ஒவ்வொன்றையும் கையால் புரட்டி வைத்தாள்.

கோழி இருபத்தொரு நாள் அடைகாக்கும். பதினேழாம் நாள் டார்ச் லைட்டில் வைத்துப் பார்த்தபோது உள்ளே அசைந்தது என்று அக்கம்பக்கத்தையெல்லாம் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறாள்.

பதினெட்டாம் நாள், சார்ஜ் போடக் கொடுத்திருந்த பாட்டரி திரும்பி வந்தது. மத்தியானம், மூடிய பெட்டியைத் திறக்காமல், அவள் அதை வெளியிலிருந்து மாட்டினாள். சிவப்பு லைட் எரியவில்லை. ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டோம் என்று உடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் மிளகாய்க் காட்டில் பழம் எடுக்க ஆள் காத்திருந்தது, கரண்டும் இருந்தது. மாற்றிக் கொடுத்தால் ஒன்றும் ஆகாது, அவசரமே இல்லை என்று ஒரு பெரிய மனுஷன் சொல்லியிருக்கிறானே. சாயங்காலம் வந்து திருப்பி மாட்டிக்கொள்ளலாம் என்று போய்விட்டாள்.

சாயங்காலம் வந்து பார்த்தபோது தெர்மாமீட்டர் நூற்றிருபதுக்கு மேலே இருந்தது. பெட்டிக்குள் ஹெட்லைட் பல்பு ஜெகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. ஒரு குஞ்சுகூடப் பிழைக்கவில்லை.

மறுநாள் புதன்கிழமை, சேதி வந்து நான் போனேன். செத்த வீட்டுக்குப் போகிற மாதிரிதான் இருந்தது. முட்டைகளைக் காட்டில் புதைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் பெட்டியைத் திறந்து, மூடி, முகர்ந்து பார்த்து, டாக்டர் மாதிரி நிமிர்ந்து சொன்னேன்:

“பாட்டரிய மாத்திக் குடுத்திருக்கு.”

நான் சொன்னது அவ்வளவுதான். பொய்யும் இல்லை. ஆனால் எல்லோரும் சுப்புத்தாயைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஒயர்ல கைய வைக்காத, நான் வந்து மாட்டுதேன்னு சொன்னேன்லா?” என்றார் மாடசாமி.

சுப்புத்தாய் என்னைப் பார்த்தாள். நான் சர்க்யூட் போர்டைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தேன்.

பாட்டிலில் இருந்த பதினொன்று

வியாழக்கிழமை கடையில் போர்டை ஆராய்ந்தேன். எதுவும் எரிந்திருக்கவில்லை. பாட்டரியை மாற்றி மாட்டினேன். சிவப்பு லைட் இல்லை, என் டயோடு ஒழுங்காக மறித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஹெட்லைட் பல்பு எரிந்தது.

மாஸ்ஃபெட் போய்விட்டது என்று முடிவு கட்டி, பாட்டிலிலிருந்து புதிது ஒன்று எடுத்துப் போட்டேன். எரிந்தது. அதையும் கழற்றிவிட்டு இன்னொன்று போட்டேன், அதுவும் எரிந்தது. சர்க்யூட் முழுவதையும் வெட்டி எறிந்துவிட்டு, பாட்டரி, பல்பு, டிரான்சிஸ்டர் மூன்றை மட்டும் வைத்துப் பார்த்தேன். ‘அணைஞ்சு கெட’ என்று எவ்வளவு சொல்லியும் கேட்காமல் எரிந்தது. பதினொன்றையும் சோதித்து, பதினொன்றும் கோளாறு என்று தீர்ப்பு எழுதி, மதுரைக்காரன் நம்மை ஏமாற்றிவிட்டான் என்ற சந்தோஷத்தோடு எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். ஆமாம், சந்தோஷம்தான். தப்பு வெளியே இருந்துவிட்டதே.

கடைக்காரரைப் போனில் பிடித்து, பூத்துக்கு வெளியே நிற்பவர்களுக்கும் கேட்கும்படி ஒரு மூச்சுத் திட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பாட்டரிய நேரா மாட்டுனா அணையுதாண்ணே?” என்றார்.

“அணையுது.”

“திருப்பி மாட்டுனா எரியுதா?”

“எரியுது.”

“அப்ப சரக்கு நல்ல சரக்குண்ணே. மாஸ்ஃபெட்டுக்கு உள்ளயே ஒரு டயோடு இருக்கும்ல. தனியா யாரும் வைக்கிறதில்ல, அதச் செய்யும்போதே சேந்து வந்துரும். நேரா குடுத்தா அது மறிச்சிக்கிட்டு நிக்கும், நீங்க சொன்னபடி டிரான்சிஸ்டர் கேக்கும். திருப்பிக் குடுத்தா அந்த டயோடு வழியா கரண்டு அது பாட்டுக்குப் போயிக்கிட்டே இருக்கும், நீங்க அணைச்சாலும் அணையாது. வேணாம்னா வெளிய பெருசா ஒரு டயோடு போடணும். இல்ல, இன்னொரு மாஸ்ஃபெட்ட எதிர்த்தாப்ல திருப்பிப் போடணும். படத்துல அந்தக் குட்டி முக்கோணம் போட்டிருக்குமேண்ணே, பாக்கலையா?”

பார்த்திருக்கிறேன். என் டேட்டா புத்தகத்தில் மாஸ்ஃபெட் படத்துக்குப் பக்கத்தில், ஒட்டிப் பிறந்த மாதிரி, சின்னதாக ஒரு முக்கோணமும் கோடும் இருக்கும். டயோடின் குறி அதுதான் என்று எனக்கு எட்டாம் வகுப்பிலிருந்தே தெரியும். ஆனால் அந்தப் படத்தில் அதை வைத்திருப்பது அழகுக்கு என்று நினைத்துவிட்டேன். வெள்ளைக்காரன் படம் போட்டால் கொஞ்சம் பூவேலை இருக்கத்தானே செய்யும்! நான் என் நோட்டில் வரையும்போது அதை விட்டுவிட்டு வரைவேன்.

நான் கட்டிய காவலெல்லாம் சர்க்யூட்டின் முன்வாசலில். பல்புக்குப் போகிற பெரிய கரண்ட் அந்த வாசல் வழியாக வரவே இல்லை. பெட்டியை நான் ஒருமுறை, ஒரே ஒருமுறை, பல்பை மாட்டிவிட்டுத் திருப்பிச் சோதித்திருந்தால் தெரிந்திருக்கும்.

வெள்ளி, சனி, ஞாயிறு

அன்றைக்கே பஸ் ஏறியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை போய் இப்படி ஒரு சேதி சொல்லக் கூடாது என்று நினைத்தேன். சனிக்கிழமை எமர்ஜென்சி லைட் இரண்டு கொடுக்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் கூட்டமாக இருக்கும். நியாயமான காரணம் கண்டுபிடிப்பதில் நான் எடிசன்.

உண்மைக் காரணம், பயம். பசுவந்தனையில் நான் முட்டாள் என்று தெரிந்தால் கோவில்பட்டிக்கு வந்து சேர எவ்வளவு நேரமாகும்?

திங்கட்கிழமை காலையில் மாடசாமியே கடைக்கு வந்து நின்றார்.

“அண்ணாச்சி, அந்த மிஷின்ல உள்ள ஒயரு கியரெல்லாம் கழத்தி எடுத்துக்கிடுங்க. பெட்டி வெத உளுந்து போட்டு வைக்க ஆகும். பொம்பளைக்கு இந்த வேல ஒத்துவராது. அவ பாட்டுக்குத் தீப்பெட்டி ஒட்டட்டும்.”

“தங்கச்சி என்ன சொல்லுது?”

“அவ என்னத்தச் சொல்லுவா? பதினோரு வீட்டு முட்டையக் கொன்னுட்டு? வாயே தொறக்கல.”

அங்கேயே சொல்லியிருக்கலாம், ஆனால் கடையில் ஆள் இருந்தது. “வாங்க, நான் வந்து பாக்குதேன்” என்று பாட்டரி ஒன்றையும் பல்பையும் ஒரு மாஸ்ஃபெட்டையும் பைக்குள் போட்டுக்கொண்டு அவரோடு பஸ் ஏறினேன்.

நிரூபணம்

சுப்புத்தாய் வீட்டு முற்றத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டேன். அவள் கதவோரம் நின்றாள். பக்கத்து வீட்டு வேலம்மாள் மதினியும் முட்டை கொடுத்த இன்னும் நாலைந்து பேரும் கூடிவிட்டார்கள்.

“தப்பு தங்கச்சி மேல இல்ல, என் மேல” என்றேன்.

இதைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். ஆனால் ஒருத்தரும் நம்பவில்லை!

“அவ அழுததப் பாத்துட்டு நீங்க பழிய ஏத்துக்கிடுதீங்க” என்றார் மாடசாமி. “ஒங்க குணம் அப்படி.”

“குணம் இல்ல மாடசாமி, எனக்குத் தெரியல. இந்த டிரான்சிஸ்டருக்குள்ள ஒரு டயோடு இருக்கு.”

“ஒங்களுக்குத் தெரியாம இருக்குமா? கோவில்பட்டி பூரா ஒங்களத்தான சொல்லுதாவ.”

வாழ்நாள் முழுக்க வளர்த்த கீர்த்தி அன்றைக்கு எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. நான் பாட்டரியை நேராக மாட்டி, பல்பு அணைந்திருப்பதைக் காட்டினேன். திருப்பி மாட்டி, எரிவதைக் காட்டினேன். ஒயரை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, பாருங்கள், சர்க்யூட்டே இல்லை, அப்படியும் எரிகிறது என்று காட்டினேன். நான் முட்டாள்தான் என்பதற்கு ஆதாரத்துக்குமேல் ஆதாரமாக அடுக்கினேன். மாடசாமி ரசித்துப் பார்த்துவிட்டு, “என்ன வெவரமாச் சொல்லுதாவ பாரு” என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் வேலம்மாள் மதினி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

“இந்த லைட்டு கெடக்கட்டும். ஒயர மாத்திக் குடுத்தா ஒண்ணும் ஆகாதுன்னு, அவசரமே இல்லன்னு, அன்னைக்கு இங்கன நின்னு சொன்னீங்களா இல்லையா?”

“சொன்னேன்.”

“ஆயிப்போச்சா இல்லையா?”

“ஆயிப்போச்சு.”

“பெறகு என்ன? சொன்னத நம்பித்தான அவ காட்டுக்குப் போனா?” என்று மாடசாமியைப் பார்த்தாள். “இதுக்கு எதுக்கு இம்புட்டு ஒயரு?”

மாடசாமி தலையைக் குனிந்துகொண்டு ஒரு பீடியைத் தேடினார். அதைப் பற்றவைத்துவிட்டு, “அப்ப பெட்டி இருக்கட்டும்” என்றார். உளுந்துக்கு வேறு டப்பா பார்த்துக்கொள்வதாக யாரிடமோ சொல்லுவதுபோலச் சொன்னார். கூட்டம் கலைந்தது.

சுப்புத்தாய் மட்டும் அசையவில்லை.

“இது எப்பத் தெரிஞ்சது அண்ணாச்சி ஒங்களுக்கு?”

“வியாழக்கெழம.”

“இன்னைக்குத் திங்கக்கெழம.”

நான் ஸ்டூல்மேல் கிடந்த ஒயரைச் சுருட்டினேன்.

“அந்த நாலு நாளும் பகல்ல நான் தண்ணிக் குழாய்க்குப் போகல. முட்ட குடுத்தவுக மொகத்துல எப்படி முழிக்க? விடியுமுன்ன போயி யாருக்கும் தெரியாமப் புடிச்சிட்டு வந்தேன். நீங்க தெரிஞ்சுக்கிட்டு அங்கன கடையில இருந்திருக்கீங்க.”

பஸ்ஸில் கூட்டம் என்று சொல்ல வாய் வந்தது. நல்லவேளை, அடக்கிவிட்டேன். என் வாழ்க்கையில் எத்தனையோ தடவை அசடு வழிந்திருக்கிறேன். அதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதவும் செய்கிறேன். இதை எழுதும்போது சிரிப்பு வரவில்லை. நூற்றுப்பத்து முட்டை எனக்குத் தெரியாமல் போனது. அந்த நாலு நாள் எனக்குத் தெரிந்தே போனது.

“மன்னிச்சிரு தங்கச்சி” என்றேன்.

“அது கெடக்கட்டும். மிஷினத் திரும்பச் செஞ்சு தாங்க. வேலம்மா மதினி முட்ட தாரேன்னுட்டா.” அவள் எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். “ஆனா இந்தத் தடவ அது என்னல்லாம் செய்யும்னு சொல்லாதீங்க. அதுல ஒங்களுக்கு என்னல்லாம் தெரியாதோ, அதச் சொல்லுங்க.”

அப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பாட்டரி எத்தனை நாள் தாங்கும் என்று தெரியாது என்றேன். பெட்டியின் மூலைக்கும் நடுவுக்கும் சூடு ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்த்ததில்லை என்றேன். அதோடு எழுந்திருக்கப் பார்த்தேன்.

“ம். அப்புறம்?” என்றாள்.

எனக்குத் தெரியாததில் ஏழாவதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது கோவில்பட்டி பஸ் வருகிற ஹாரன் கேட்டது. மாடசாமி எனக்காகக் கையைக் காட்டி நிறுத்த வாசலுக்கு ஓடினார்.

“பஸ்ஸு போட்டும்ங்க” என்றாள் சுப்புத்தாய் புருஷனிடம், என்மேலிருந்து கண்ணை எடுக்காமல். “அண்ணாச்சி அடுத்த பஸ்ஸுக்குப் போவாவ. இன்னும் முடியல.”